குளியலறை நீர்ச் சிக்கனம்

குளியலறை நீர்ச் சிக்கனம் என்பது குளியலுக்குச் செலவாகும் நீரைக் குறைப்பதையும், குளித்த நீரை மீண்டும் பயன்படுத்துவதையும் குறிக்கும். தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் உள்ளது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கோடையில் நீருக்குத் திண்டாட்டம்தான்.

முதலில் பார்க்க வேண்டியது ஒழுகும் குழாய். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினாலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டர் வீணாகும். ஒருவர் வாளியில் மொண்டு குளிக்க அது போதும்! புது வாஷருக்குச் சில ரூபாயே ஆகும்.

குளித்த நீரைக் கழிப்பறை நீருடன் கலக்கவிடாமல், கொல்லையில் கல்லும் மணலும் நிரப்பிய குழிக்குத் திருப்பி, அருகே வாழையோ கல்வாழையோ நடலாம். நீர் வெளியே தேங்கினால் கொசு பெருகும். குழி, கிணற்றை ஒட்டி இருக்கக் கூடாது. சோப்பு நீரைக் கீரைப் பாத்திக்கு விடுவதும் நல்லதல்ல.