அம்மாவோட 8 சென்ட் தோட்டம்: ஒரு வருஷ வரவு செலவுக் கணக்கு



மார்ச் 31 ராத்திரி ஆபீஸ் கணக்குகளோட சேர்த்து இன்னொரு கணக்கையும் முடிச்சேன். ஒட்டன்சத்திரம் பக்கத்துல எங்க ஊர் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற 8 சென்ட் தோட்டத்தோட கணக்கு. 2024 ஏப்ரல்ல இருந்து 2025 மார்ச் வரைக்கும். ஆதாரம் என்னன்னு கேட்டா, தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம். அம்மா பென்சில்ல எழுதி வச்சிருக்காங்க. "கத்திரி 1 கிலோ, வீட்டுக்கு", "முருங்கை 30, கடைக்கு". நான் பார்த்த எத்தனையோ கம்பெனி வவுச்சர்களைவிட ஒழுங்கா இருந்துச்சு.

"வேலையை விட்டுட்டு ஊர்ல போய்த் தோட்டம் போட்டுப் பொழைக்க முடியுமா ப்ரோ?" என்று மாசம் நாலு பேராவது கேட்கிறீங்க. இந்தக் கணக்கு அதுக்கும் ஒரு பதில். ஆனா நான் இதை எழுதி வச்சதுக்குக் காரணம் வேற.

2024 பிப்ரவரியில அப்பா தவறிட்டார். அடுத்த மாசமே பக்கத்து வீட்டுக்காரர் வந்து, தோட்டத்தை மட்டும் கொடுத்தா குடோன் கட்டிக்கிறேன், சென்ட் ஒன்றரை லட்சம் தர்றேன்னு கேட்டார். மொத்தம் 12 லட்சம். திருப்பூர்ல இருக்கிற அக்காவுக்குப் பணம் தேவை. பையன் இந்த வருஷம் பிளஸ் டூ, ஜூன்ல காலேஜ் ஃபீஸ் கட்டணும், வீட்டுக்கடன் இ.எம்.ஐ. வேற ஓடுது. "நீதான கணக்குப் பார்க்கிறவன், நீயே சொல்லு தம்பி" என்று அக்கா சொல்லிட்டாங்க. ஒரு வருஷம் டைம் வாங்கினேன். தோட்டம் என்ன கொடுக்குதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்னேன்.

பங்குனியில தோட்டம்

கணக்குக்கு முன்னாடி, போன மாசக் கடைசியில போய்ப் பார்த்ததைச் சொல்லிடறேன். எக்ஸெல்ல தெரியாத விஷயம் அங்கதான் இருக்கு.

அக்கா கல்யாணத்தப்போ அப்பா வச்ச செந்தூர மாமரம் ஒண்ணு இருக்கு. போன வருஷம் ஏமாத்திடுச்சு. மாமரத்துக்கு அந்தப் பழக்கம் உண்டு, ஒரு வருஷம் அள்ளிக் கொடுத்துட்டு அடுத்த வருஷம் ஓய்வெடுக்கும். இந்தத் தையில மரம் முழுக்கப் பூ. தத்துப்பூச்சி கொஞ்சம் வந்து பூ கருகினாலும், நான் போனப்போ கோலிக்குண்டு சைஸ்ல இருந்து முட்டை சைஸ் வரைக்கும் கொத்துக் கொத்தா காய். காத்துல உதிர்ந்த பிஞ்சையெல்லாம் அம்மா பொறுக்கி உப்புல போட்டுட்டாங்க.

தைப்பட்டத்துல போட்ட கத்திரியும் வெண்டையும் காய்க்குது. தக்காளி முடியப் போகுது. பந்தல்ல பீர்க்கும் சுரையும் ஏறிடுச்சு. சுரைப் பிஞ்சு ஆரம்பத்துல பழுத்துப் பழுத்து விழுந்திருக்கு. சத்து இல்லைன்னு நினைச்சு ஆட்டுப் புழுக்கையைக் கொட்டியிருக்காங்க. அப்புறம்தான் விஷயம் புரிஞ்சிருக்கு. சுரைப்பூ விரியறதே சாயங்காலம்தான். அந்த நேரத்துல மகரந்தம் சேர்க்கப் பூச்சி வரலைன்னா பிஞ்சு நிக்காது. இப்போ தினமும் விளக்கு வைக்கிற நேரத்துல, அம்மா ஆண் பூவைப் பறிச்சு, அடியில குட்டிப் பிஞ்சோட இருக்கிற பெண் பூவுல தொட்டுத் தொட்டு வைக்கிறாங்க. நான் நின்ன அன்னிக்கு அஞ்சு பூ. "உங்கப்பாவுக்கு இது தெரியாது. சும்மா மருந்து வாங்கிட்டு வருவாரு" என்று சொல்லிட்டுச் சிரிச்சாங்க. அப்பா போனதுக்கப்புறம் அவர் பேரைச் சொல்லி அம்மா சிரிச்சதை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

பப்பாளியில மாவுப்பூச்சி. வெயில் ஏறினா வந்துடும். 2008-ல இதே பூச்சி தமிழ்நாட்டுக்குள்ள நுழைஞ்சு பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு ஒண்ணையும் விடாம அழிச்சது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். மருந்துக்கு அடங்கலை. 2010-ல வெளிநாட்டுல இருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டாங்க. அது மாவுப்பூச்சியோட உடம்புக்குள்ளேயே முட்டையிட்டு அதைத் தின்னு தீர்த்துடும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் அதை வளர்த்து ஊர் ஊரா கொடுத்துச்சு. அதனால இப்பவும் கண்ட மருந்தை அடிச்சா குளவிதான் முதல்ல சாகும். அம்மா ஓஸ் தண்ணியை வேகமா பீய்ச்சி இலையைக் கழுவிட்டு, வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணியில கலந்து தெளிக்கிறாங்க. அவ்வளவுதான்.

கிணத்தடியில புதினா, வல்லாரை. வேலியில தூதுவளை, பிரண்டை. கறிவேப்பிலை மரமாவே ஆயிடுச்சு. கற்பூரவல்லியைப் பத்தி எழுத ஒண்ணும் இல்லை, அது எங்கே வச்சாலும் வரும்.

இப்போ கணக்கு

வீட்டுக்கு எடுத்த காய்கறியை அன்னிக்குக் கடையில என்ன விலையோ அந்த விலைக்குப் போட்டேன். காய்கறி 11,460 ரூபாய். கீரை, கறிவேப்பிலை, மூலிகை 4,200. கொய்யா, பப்பாளி, வாழை, எலுமிச்சை எல்லாம் சேர்த்து 7,900. முருங்கைக்காய் வித்தது 3,840. மொத்தம் 27,400 ரூபாய்.

செலவுல மோட்டார் ரிப்பேர் 2,800, ஆட்டு எரு 2,500, விதை நாற்று 1,150, வேப்பெண்ணெய் மீன் அமிலம் வகையறா 900, வேலி கட்ட 1,450, ஆறு நாள் ஆள் கூலி 3,000. மொத்தம் 11,800. மிச்சம் 15,600 ரூபாய்.

12 லட்சம் மதிப்புள்ள இடத்துல 15,600 வந்தா 1.3%. அதே பணத்தை எஃப்.டி.யில 7%க்குப் போட்டா 84,000. வேலையை விடலாமான்னு கேட்டவங்க இந்த வரியை இன்னொரு தடவை படிங்க.

இன்னொண்ணு. நம்ம தோட்டத்துல தக்காளி காய்க்கிறப்போ ஊருக்கே காய்க்கும். 2023 ஜூலையில தக்காளி 100 ரூபாய் தாண்டினப்போ எங்க தோட்டத்துல ஒரு செடி கூட இல்லை. முருங்கையும் அப்படித்தான். பனிக்காலத்துல விலை உச்சியில இருக்கும், அப்போ மரம் காய்க்காது. கோடையில கை வலிக்கிற அளவுக்குக் காய்க்கும், அப்போ வாங்க ஆள் இருக்காது. எலுமிச்சை மட்டும்தான் கோடையில கொஞ்சம் காப்பாத்துச்சு.

இதுல அம்மாவோட உழைப்பு வேற வரலை. தினம் 2 மணி நேரம்னா வருஷத்துக்கு 730 மணி. உள்ளூர்க் கூலி 8 மணிக்கு 500 ரூபாய்னு போட்டா 45,625. அதைக் கழிச்சா தோட்டம் 30,025 ரூபாய் நஷ்டம். இதை அம்மாகிட்ட லேப்டாப்போட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க: "அப்ப அந்த ரெண்டு மணி நேரம் நான் என்ன பண்ணட்டும், சாமி?"

அப்பா போன புதுசுல நாலு மாசம் அம்மா சரியா சாப்பிடலை. சென்னைக்குக் கூட்டிட்டு வந்தேன், பதினோரு நாள்ல திரும்பிட்டாங்க. ஆடிப்பட்டத்துக்கு விதை போடணும்னுதான் சொல்லிட்டுப் போனாங்க. இதுக்கு எக்ஸெல்ல எனக்கு ஒரு வரி கிடைக்கலை. டாக்டர் செலவு குறைஞ்சதுன்னு போட்டுக் கணக்கை நிமிர்த்தியிருக்கலாம். ஆனா மாத்திரையும் நடுவுல மாத்தியிருக்காங்க. எது வேலை செஞ்சதுன்னு தெரியாம தோட்டத்துக்கு வரவு வைக்கிறது என் தொழிலுக்கு ஆகாது.

சட்டம் பக்கம் வந்தா, உங்கள்ல நிறைய பேருக்கு இது நாளைக்கே தேவைப்படலாம். இது அப்பா 1998-ல சொந்தச் சம்பாத்தியத்துல வாங்கின இடம். உயில் எழுதலை. அதனால இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நான், மூணு பேருக்கும் சம பங்கு. அப்பாவோட அம்மா உயிரோட இருந்திருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு, இது பலருக்குத் தெரியறதில்லை. விக்கணும்னா மூணு கையெழுத்தும் வேணும். வாங்க வந்தவர் முதல்ல என்கிட்ட மட்டும்தான் பேசினார், "நீங்க ஆம்பளைப் பிள்ளை, நீங்க சொன்னா சரி" என்று. நான் சொன்னா மட்டும் சரியாகாது.

அப்புறம், தோட்டம்னு நாம சொன்னாலும் பட்டாவுல இது வீட்டு மனை. கிராமத்து விவசாய நிலத்தை வித்தா மூலதன ஆதாய வரி இல்லைங்கிற சலுகை இதுக்குப் பொருந்தாது. 2001 ஏப்ரல் 1 அன்னிக்கு இருந்த மதிப்பை அடக்க விலையா எடுத்துக்கிட்டு, அவங்கவங்க பங்குக்கு அவங்கவங்க கணக்குப் போடணும். பழைய இடம்ங்கிறதால, பணவீக்கத்தைச் சேர்க்காம 12.5%, சேர்த்து 20%, இந்த ரெண்டுல எதுல வரி குறைவோ அதுபடி கட்டினா போதும். அந்த 3,840 ரூபாய் முருங்கைக்காசுக்கு வரி கிடையாது, விவசாய வருமானம்தான்.

என் முதல் யோசனை, அக்கா பங்கை நானே வாங்கிக்கிறது. 4 லட்சம் கொடுத்துட்டு விடுதலைப் பத்திரம் பதியலாம். குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத் தீர்வை 1%தான், அதுக்கும் உச்சவரம்பு இருக்கு. ஆனா பணம் வாங்கிட்டு விட்டுக்கொடுத்தா வருமான வரிக்கு அது விற்பனை மாதிரிதான். எல்லாம் சரின்னு அக்காவுக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "காசு வேணும்டா. ஆனா கையெழுத்துப் போட்டுட்டா அந்த வீட்டுல எனக்குன்னு என்ன இருக்கு?" என்றாங்க.

ஒரு வருஷம் கணக்கு எழுதினவன் கேட்க மறந்த கேள்வி அது. அந்த மாமரம் அவங்க கல்யாணத்துக்கு வச்சது.

கடைசியில பத்திரம் எதுவும் வேணாம்னு விட்டுட்டோம். என் எஃப்.டி. ஒண்ணு ஏப்ரல்ல முதிர்ந்துச்சு. 4 லட்சத்தை அக்காவுக்கு வட்டியில்லாக் கடனா கொடுத்திருக்கேன், ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பணம் பேங்க் மூலமா மட்டும்தான் போச்சு. அக்கா தம்பிக்குள்ளேயே ஆனாலும் 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் கடனை ரொக்கமா வாங்கக் கூடாது, வாங்கினா வாங்கினவங்களுக்குத்தான் அபராதம். எனக்கு வருஷம் 28,000 ரூபாய் வட்டி போச்சு, மாசம் 2,333. வீட்டுல மனைவிகிட்டயும் இந்த எண்ணைச் சொல்லிட்டுத்தான் கொடுத்தேன். அவங்களும் சம்பாதிக்கிறாங்க, அது பொதுப் பணம். எங்க ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதியைத் தொடலை. அதைத் தொட வேண்டியிருந்தா, வித்துடலாம்னுதான் சொல்லியிருப்பேன்.

சித்திரை ஒண்ணாம் தேதி அக்கா குடும்பத்தோட வந்திருந்தாங்க. போறப்போ கார் டிக்கி நிறைய முருங்கைக்காய், ரெண்டு சுரை, ஒரு வாழைத்தார். அம்மா காலண்டர் தாளை எடுத்துக்கிட்டு வந்து, "இதை வீட்டுக்குன்னு எழுதவா, கடைக்குன்னு எழுதவா?" என்று கேட்டாங்க. வீட்டுக்குன்னே எழுதச் சொன்னேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஆடி வரைக்கும் டைம் கேட்டிருக்கோம். செந்தூரம் வைகாசியில பறிக்கலாமாம்.