தட்டுக்குப் பக்கத்தில் என்ன டம்ளர்?

ராத்திரி ஏழரை மணிக்கு உங்கள் தெருவில் ஒரு நடை நடந்து பார்த்திருக்கிறீர்களா? தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர்... எந்தத் தெருவாக இருந்தாலும் சரி. முதல் வீட்டில் ரசத்துக்குக் கடுகு தாளிக்கும் வாசனை வரும். அடுத்த வீட்டில் தோசை முறுகிக்கொண்டிருக்கும். அதற்கடுத்த வீட்டில் குக்கர் விசில். கடைசி வீட்டில் யாரோ கருவாடு வறுப்பார்கள். மூக்கை வைத்தே எந்த வீட்டில் என்ன சமையல் என்று சொல்லிவிடலாம்!

நம்ம ஏரியாவில் ராத்திரிச் சாப்பாடு கொஞ்சம் லேட்தான். அதற்கு ஒரு காரணம் மின்சார ரயில். சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டு மே மாதத்தில். 'இங்கே வீடு, அங்கே வேலை' என்று இருப்பது அதன் பிறகு சுலபமாகிவிட்டது. காலையில் ஆளுக்கொரு நேரத்தில் டிபன். மதியம் ஆளுக்கொரு டிபன் பாக்ஸ். எல்லாரும் சேர்ந்து உட்காருவது ராத்திரி மட்டும்தான். 'அப்பா ரயில் குரோம்பேட்டை தாண்டிடுச்சாம், ரசத்தைச் சூடு பண்ணு' என்று போன் வரும் வீடுகள் எத்தனை!

சரி, தட்டில் இருப்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நாம் இன்று தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டம்ளரைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

முதலில் ரசம். இதைச் சாதத்தில் ஊற்றிப் பிசைவதைவிட டம்ளரில் வாங்கிக் குடிப்பதுதான் சுகம் என்பது என் கட்சி. ஜலதோஷம் பிடித்த நாளில் குடித்துப் பாருங்கள், நீங்களும் என் கட்சிக்கு வந்துவிடுவீர்கள். இந்த ரசம் கப்பலேறிய கதை தெரியுமா? வெள்ளைக்காரர் காலத்தில் சென்னையில் இருந்த ஆங்கில அதிகாரிகளுக்குச் சாப்பாட்டின் தொடக்கத்தில் சூப் வேண்டும். நம் ஊர்ச் சமையல்காரர்களுக்குத் தெரிந்த சூப் எது? மிளகுத் தண்ணிதான்! அதையே கொஞ்சம் கெட்டியாக்கி, கறியும் காயும் சேர்த்துக் கொடுத்தார்கள். 'மிளகுத் தண்ணி' அவர்கள் வாயில் 'முல்லிகடானி' ஆனது. இன்றும் லண்டன் ஓட்டல்களில் அந்தப் பெயரில் சூப் கிடைக்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை. சென்னை மாகாணத்து ஆங்கில அதிகாரிகளுக்கே அந்தக் காலத்தில் 'மல்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். முல்லிகடானியின் சுருக்கம்! 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற அகராதியில் இது பதிவாகியிருக்கிறது. ரசம் குடித்தவர்களுக்கு ரசத்தின் பெயர்!

நம் கொள்ளுத்தாத்தாவுக்கும் கொள்ளுத்தாத்தா, அவருக்கும் முந்திய தாத்தாக்கள் குடித்த ரசத்தில் தக்காளி கிடையாது. காய்ந்த மிளகாயும் கிடையாது. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். மிளகாய் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது. அதுவரை காரம் என்றால் மிளகுதான். அதனால்தான் புதிதாக வந்த காய்க்கும் மிளகின் பெயரை ஒட்டியே மிளகாய் என்று பெயர் வந்தது.

மிளகாய் என்றதும் நாக்கு எரிகிறதா? ஊறுகாயைக் கொஞ்சம் அதிகமாகக் கடித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிப்பீர்கள். எரிச்சல் நிற்கவே நிற்காது! ஏன் தெரியுமா? மிளகாயின் காரத்துக்குக் காரணம் 'காப்சைசின்' என்ற பொருள். இது எண்ணெயில் கரையும். தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. தண்ணீர் குடித்தால் அது வாய் முழுக்கப் பரவும், அவ்வளவுதான்.

நம் நாக்கின் நரம்புகளில் சூட்டை உணர்வதற்கென்றே நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. கொதிக்கும் காபி பட்டால் அந்த வாசல் திறந்து, 'சுடுது, சுடுது' என்று மூளைக்குத் தகவல் போகும். காப்சைசின் திறப்பதும் அதே வாசலைத்தான்! அதனால்தான் நாக்கில் நெருப்பு எதுவும் இல்லாமலேயே நமக்கு நெருப்புப் பட்டதுபோல எரிகிறது. இதை 1997இல் கண்டுபிடித்தவர் டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும். 2021ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. (பறவைகளின் வாசலைக் காப்சைசினால் திறக்க முடியாது. கிளி பச்சை மிளகாயைக் கொறித்துவிட்டு ஜாலியாக உட்கார்ந்திருப்பது அதனால்தான்!)

இப்போது அந்த எரியும் நாக்குக்கு ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். மோரில் 'கேசீன்' என்ற புரதம் இருக்கிறது. அது காப்சைசினைப் பிடித்து, நாக்கிலிருந்து பிரித்து இழுத்துக்கொண்டு போய்விடும். எரிச்சல் தணிந்துவிடும். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம் எல்லாம் முடிந்தபின் கடைசியாக மோர்சாதம் வருகிறதே, அந்த வரிசையை ஏற்பாடு செய்தவருக்குக் கேசீன் என்ற பெயர் தெரியாது. ஆனால் விஷயம் தெரிந்திருக்கிறது!

மோருக்குத் தாய் தயிர். அந்தத் தயிருக்கு 2023 மார்ச் மாதம் ஒரு சோதனை வந்தது. தயிர் பாக்கெட்டில் 'தஹி' என்ற இந்திச் சொல்லைப் பெரிதாகப் போட வேண்டும். 'தயிர்' என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. விடுவோமா? தமிழ்நாட்டில் ஆவின் மறுத்தது. முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் கண்டித்தார். கர்நாடகத்திலும் எதிர்ப்பு எழுந்தது. அவர்களுக்கு அது 'மொசரு' ஆயிற்றே! கடைசியில் மார்ச் 30ஆம் தேதி ஆணையம் இறங்கி வந்தது. ஆங்கிலத்தில் 'கர்ட்' என்று எழுதி, பக்கத்தில் அந்தந்த ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவை மாற்றியது. ராத்திரி கடைசியில் சாப்பிடும் ஒரு கரண்டி தயிருக்காக இரண்டு மாநிலங்கள் குரல் கொடுத்திருக்கின்றன, பார்த்தீர்களா?

அடுத்த டம்ளரில் இருப்பது தண்ணீர். 'தண்ணீரில் என்ன இருக்கிறது?' என்று அலட்சியமாகக் கேட்காதீர்கள். அதைத்தான் நாமும் கேட்கப் போகிறோம்.

2019 ஜூன் மாதம் நினைவிருக்கிறதா? உங்களில் சிலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய காய்ந்துபோயின. சில ஓட்டல்களில் மதியச் சாப்பாட்டையே நிறுத்தினார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த சில கம்பெனிகள், 'வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள்' என்று ஊழியர்களிடம் சொல்லிவிட்டன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ஒரு ரயில் வந்தது. 50 வேகன்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர். மொத்தம் 25 லட்சம் லிட்டர்! தென் சென்னையின் பல பகுதிகளுக்கு நெம்மேலியிலிருந்து கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கி அனுப்புகிறார்கள். 2013இல் தொடங்கிய முதல் ஆலைக்குத் துணையாக, 2024இல் அங்கே இன்னொரு ஆலையும் வந்துவிட்டது. நீங்கள் குடிப்பது ஒரு காலத்தில் மீன் நீந்திய தண்ணீராகவும் இருக்கலாம்!

தண்ணீர் வந்தால் மட்டும் போதாது. 2024 டிசம்பரில் நம் பல்லாவரம் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்தும் போனார்கள். குழாய்த் தண்ணீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று அங்கே இருந்த மக்கள் சொன்னார்கள். அரசுத் தரப்பில் மறுத்தார்கள். தண்ணீர் சோதனைக்குப் போனது. பெரியவர்களின் அந்த வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் ஒன்று செய்யலாம். குழாய்த் தண்ணீர் கலங்கலாகவோ, நாற்றத்தோடோ வந்தால் வாயில் வைக்காதீர்கள். உடனே வீட்டில் சொல்லுங்கள். சும்மா 'தண்ணி ஒரு மாதிரி இருக்கு' என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடக்கூடாது. டம்ளரைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பாட்டி சீரகம் போட்டு வெந்நீர் வைப்பார்களே, அதில் சீரகம் வாசனைக்கு. கிருமியைக் கொல்வது கொதிதான். தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். ஓரத்தில் நாலு குமிழி வந்ததும் இறக்கிவிட்டால் அது வெறும் சூடான தண்ணீர். அப்புறம், கொதித்த தண்ணீரைக் கழுவாத குடத்தில் ஊற்றினால்... புரிகிறதல்லவா?

வயிற்றுப்போக்கில் உயிர் போவது எதனால்? உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வடிந்துவிடுவதால்தான். 1971இல் வங்கதேசப் போர் நடந்தபோது லட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்கு வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் போங்காவ் என்ற ஊரின் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. அங்கே இருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ், குளுகோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து தண்ணீரில் கலந்தார். பெரிய பீப்பாய்களில் நிரப்பி, குழாய் வைத்து, 'குடிக்கக் கொடுங்கள்' என்று உறவினர்களிடமே சொல்லிவிட்டார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நூற்றுக்கு நான்கு பேருக்கும் கீழே இறங்கியது. உப்பும் சர்க்கரையும் கலந்த டம்ளர் தண்ணீர்! மருந்துக்கடையில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று பொட்டலமாகக் கிடைப்பது இதன் தம்பிதான்.

நடுவில் ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார். பிரிட்ஜிலிருந்து எட்டிப் பார்க்கும் கோலா பாட்டில்! 300 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. டீஸ்பூன் கணக்கில் ஆறு, ஏழு. பெரியவர்களுக்கே நாள் ஒன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்பிக்கை இல்லையா? பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். கோலாவில் காபியில் உள்ள காபீனும் இருக்கிறது. ராத்திரி குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று அம்மாவைத் தொந்தரவு செய்தால் நான் பொறுப்பல்ல. பிறந்தநாள், கல்யாணம் என்றால் ஒரு கோலி சோடா குடியுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். அதில் கோலியைக் கழுத்தில் நிறுத்தி வைப்பது உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம்தான். 1872இல் ஹைரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது.

கடைசி டம்ளர், படுக்கப் போகும்முன் குடிக்கும் பால். இதைச் சொல்லும்போது 'தாம்பரம் சானடோரியம்' ரயில் நிலையம் ஞாபகம் வருகிறது. சானடோரியம் என்றால் என்ன என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா? 1928இல் டாக்டர் சௌரி முத்து என்பவர் அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவ இல்லத்தைத் தொடங்கினார். அந்தப் பெயர்தான் ரயில் நிலையத்துக்கும் வந்தது. அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை என்று சத்தான சாப்பாடு... சானடோரியங்களில் இதுதான் வைத்தியம். 1940களில் மருந்து வந்தபிறகு, 'இனிமேல் சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை' என்றுகூட நினைத்தார்கள்.

ஆனால் சாப்பாடு திரும்ப வந்தது! சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் மற்ற டாக்டர்களும் சேர்ந்து ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். எல்லா நோயாளிகளுக்கும் மருந்தோடு சத்தான உணவுப்பொருள் கொடுத்தார்கள். பாதிக் குடும்பங்களில் நோயாளியோடு வசிக்கும் மற்றவர்களுக்கும் மாதாமாதம் அரிசியும் பருப்பும் வைட்டமின் மாத்திரையும் கொடுத்தார்கள். ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. அவ்வளவுதான். அப்படிச் சாப்பிட்ட குடும்பங்களில் புதிதாக நோய் வருவது மற்றக் குடும்பங்களைவிட ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது! 2023இல் இந்த முடிவு வெளியானது. பருப்புச் சாதத்தை ஒதுக்கிவைக்கும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு முடித்துவிட்டீர்களா? தட்டு கழுவியாச்சா? அப்படியானால் இன்று உறை ஊற்றும் வேலை உங்களுடையது. காய்ச்சிய பாலை ஆறவிடச் சொல்லுங்கள். சுத்தமான விரலை விட்டால் சுடக்கூடாது. இதமாக இருக்க வேண்டும். அதிகச் சூடானால் தயிரில் உள்ள நுண்ணுயிர்கள் செத்துவிடும். ஆறியே போய்விட்டால் சோம்பேறியாகிவிடும். அரை லிட்டர் பாலுக்கு ஒரு டீஸ்பூன் பழைய தயிர் போதும். கலக்கி, மூடி, ஆட்டாமல் வையுங்கள். மார்கழிக் குளிரில் பாத்திரத்தை ஹாட் பாக்ஸுக்குள் வைத்துவிடலாம். உறைக்குத் தயிரே இல்லையா? பச்சை மிளகாயைக் காம்போடு போட்டுப் பாருங்கள். காம்பில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களே வேலையைத் தொடங்கிவிடும். எரியவைக்கும் மிளகாயே எரிச்சலைத் தணிக்கும் தயிருக்கு உறை!

நீங்கள் தூங்கும்போது அந்த நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையைத் தின்று புளிப்பு அமிலமாக மாற்றும். மணிக்கு ஒரு முறை இரட்டிப்பானால்கூட, எட்டு மணி நேரத்தில் ஒன்று 256 ஆகிவிடும். புளிப்பு ஏற ஏற, நாம் முன்பு பார்த்தோமே கேசீன், அது கைகோத்துக் கெட்டியாகும்.

காலையில் பாத்திரத்தை மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். வழியாமல் கட்டியாக நின்றால் பாஸ். நாளை ராத்திரி ரயிலில் வந்து இறங்குபவருக்கு மோர் உங்கள் கையால்தான்.