கணினிக்கும் ஒரு பரீட்சை

கணினியின் மூளையாகிய புரொசெசரை ஓய்வின்றிக் கணக்கிடச் செய்து சோதிப்பதுண்டு. அப்பொழுது அது சூடேறும். ஏறக்குறைய 100 பாகை செல்சியசை எட்டினால், பல புரொசெசர்கள் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆதலின் வெப்பநிலையை மாத்திரம் கவனிப்போர் பலர். அது போதாதென்போம் நாம். விடை சரியா என்பதன்றோ கேள்வி?

1996இல் ஜோர்ஜ் வோல்ற்மன் தொடங்கிய பெரும் முதன்மை எண் வேட்டைக்குரிய 'பிரைம்95' என்னும் நிரல், விடை தெரிந்த கணக்குகளையே கொடுத்து ஒப்புநோக்கும். (ஆசிரியர்கள் அறிந்த தந்திரந்தான்!) இன்டெலின் 'ஸ்கைலேக்' புரொசெசர்கள் சில, இந்நிரலின் குறித்த கணக்கொன்றிலே திகைத்து நின்றுவிட்டன. காரணம் வெப்பமன்று, அமைப்பிலேயே பிழை. 2016 ஜனவரியில் இன்டெல் அதனை ஒப்புக்கொண்டு, பயோஸ் வழியாகத் திருத்தம் வழங்கியது.