ஜன்னல் ஓரக் கட்டில்

போன வருஷம் அத்தை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ராசிபுரத்திலிருந்து சேலத்துக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அவரைப் படுக்க வைத்த அறையில் ஜன்னலே கிடையாது. இரவும் பகலும் டியூப்லைட்தான்.

மூன்றாம் நாள் நடுராத்திரியில், "விடிஞ்சிருச்சு கண்ணு, எருமை கறக்கோணும், கதவைத் திற" என்று எழப் பார்த்தார். பகலிலோ ஓயாத தூக்கம். என்னையே "நீ யாரு?" என்று கேட்டபோது அழுதே விட்டேன்.

"வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிக் குழப்பம் வருவதுண்டு" என்று டாக்டர் தைரியம் சொல்லி, மருந்துகளைச் சரிபார்த்தார். நர்ஸம்மா, "பகல் எது, ராத்திரி எதுன்னே அவங்களுக்குத் தெரியலை. ஜன்னலோரம் ஒரு கட்டில் காலியாகுது, மாத்திடலாம்" என்றார்.

வெளியே ஒரு வேப்பமரம். காலை வெயில் கால்மாட்டில் விழும். இரண்டு நாளில் ராத்திரி தூங்க ஆரம்பித்தார். நாலாம் நாள், "மழை வரும் போலிருக்கு, கொடியிலே துணி கிடக்குமே!" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஜன்னல்தான் குணப்படுத்தியது என்று சொல்லவில்லை. ஆனால் பகல் வெளிச்சம் கண் வழியே மூளைக்குப் போய், தூங்கும் நேரத்தையும் விழிக்கும் நேரத்தையும் ஒழுங்குபடுத்துகிறது. தாம்பரத்தில் 1928-ல் காசநோய் விடுதி தொடங்கிய டாக்டர் சௌரி முத்து, திறந்தவெளிச் சிகிச்சையில் நம்பிக்கை உள்ளவர். 1984-ல் ரோஜர் உல்ரிச் என்பவர், அமெரிக்காவில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் குறிப்புகளை ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சுமார் முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். வலுவான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

சகோதரிகளே, ஆஸ்பத்திரியில் ஜன்னல் உள்ள இடம் கிடைக்குமா என்று கேட்கத் தயங்காதீர்கள். காலையில் திரையை விலக்குங்கள். ராத்திரி விளக்கைக் குறையுங்கள். மூக்குக் கண்ணாடி, கடிகாரம், காலண்டர் நோயாளியின் கைக்கும் கண்ணுக்கும் எட்டும்படி இருக்கட்டும். திடீர்க் குழப்பம் வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பச்சைக் குழந்தைக்கு உடம்பு மஞ்சளித்தால், வெயிலில் காட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது வீட்டிலும் அத்தையின் கட்டில் கிழக்கு ஜன்னலோரம்தான். தெருவில் யார் போனாலும் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது!