தோட்டத்துரைமாரின் தொண்டர் படை

நாடுகளின் படைகளை இருவகையாகப் பிரித்துக் கூறுவது வழக்கம். படைத்தொழிலையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டு, சம்பளம் பெற்றுப் பாசறையில் வாழ்வோர் நிலையான படையினர். வேறு தொழிலில் ஈடுபட்டிருந்து, ஓய்வு வேளைகளில் பயிற்சி பெற்று, ஆபத்துக் காலத்தில் அழைப்பை ஏற்றுத் திரள்வோர் தொண்டர் படையினர். முன்னதை அமைக்க அரசாங்கத்துக்குப் பணமும் சட்டமும் இருந்தால் போதும். பின்னதற்கு அவை மட்டும் போதா. ஒருவரையொருவர் அறிந்து, ஒரே விதமான வாழ்க்கை நடத்தி, ஓரிடத்தில் கூடிப் பழகிய மக்கட் கூட்டம் ஒன்று முன்னரே இருத்தல் வேண்டும். அக்கூட்டத்தின் இயல்பு எதுவோ, அதுவே அப்படையின் இயல்பாகவும் அமைந்துவிடும்.

இந்த உண்மைக்குக் கண்டி மாநகரிலேயே ஒரு சான்று உண்டு. 1900ஆம் ஆண்டு முதல் 1949ஆம் ஆண்டு வரை கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு விளங்கிய ‘சிலோன் பிளான்டர்ஸ் றைபிள் கோர்’ என்னும் தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படையே அது. அது எவ்வாறு திரட்டப்பட்டது, எவ்வாறு வகுக்கப்பட்டது, போர் வந்தபோது என்ன செய்தது என்பவற்றை இங்கே நோக்குவோம்.

முதலில் படை வகுப்பைப் பற்றிச் சில சொற்கள். 1914ஆம் ஆண்டுப் பிரித்தானியப் படை முறையில் ஐம்பது அறுபது பேர் கொண்டது ஒரு பிளட்டூன். நான்கு பிளட்டூன்கள் சேர்ந்தால் ஒரு கொம்பனி. நான்கு கொம்பனிகள் சேர்ந்தால் ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட ஒரு பட்டாளம். நான்கு பட்டாளங்கள் ஒரு பிரிகேட். மூன்று பிரிகேட்டுகளோடு பீரங்கிப் படை, பொறியியற் படை, மருத்துவப் பிரிவு, போக்குவரத்துப் பிரிவு ஆகியனவும் சேர்ந்தால் ஒரு டிவிஷன். ஒரு டிவிஷனில் ஏறத்தாழ 18,000 பேர் இருப்பர். பிறர் துணையின்றித் தானே நின்று போர் செய்யத்தக்க சிறு சேனை என அதனைக் கூறலாம்.

தொண்டர்களைக் கொண்டே இத்தகைய டிவிஷன்களை அமைக்கமுடியும் என்பதை முதல் உலகப் போரின் தொடக்கத்தில் பிரித்தானியா காட்டியது. 1914 ஆகஸ்டில் போர் அமைச்சராகப் பொறுப்பேற்ற கிச்சனர் பிரபு ஒரு லட்சம் பேரைக் கேட்டு அறிக்கை விடுத்தார். முதலில் வந்தோரைக் கொண்டு ஆறு டிவிஷன்கள் உருவாயின. ஒரே நகரத்தார், ஒரே தொழிற்சாலையைச் சேர்ந்தார், ஒரே சங்கத்தார் ஒருங்கே சேர்ந்து ஒரே பட்டாளமாக அமையவும் இடமளிக்கப்பட்டது. பழகிய முகங்கள் பக்கத்தில் நின்றால் பயிற்சி எளிதாகும், ஊக்கமும் குன்றாது என்பது அதன் நோக்கம். நோக்கம் நிறைவேறியது, ஆனால் ஒரு பட்டாளம் அழிந்த நாளில் ஒரு நகரத்தின் தெருக்கள் பலவற்றில் ஒரே சமயத்தில் இழவோசை கேட்டது. 1916 ஜனவரியில் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் வந்த பின்னர் அந்த முறை தளர்ந்தது.

இலங்கையின் தொண்டர் படை வரலாறு இதற்கும் முற்பட்டது. மலாய் வீரரைப் பெரும்பான்மையாகக் கொண்டிருந்த இலங்கைத் துப்பாக்கிப் படை 1873இல் கலைக்கப்பட்டது. அதன் பின்னர் தீவின் காவல் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த பிரித்தானியத் துருப்புகளையே சார்ந்திருந்தது. அக்குறையை ஓரளவு நீக்கும் பொருட்டு 1881இல் இலங்கை இலகு காலாட் தொண்டர் படை நிறுவப்பட்டது. 1888இல் பீரங்கித் தொண்டர் படையும், 1892இல் குதிரையேறிய காலாட் படையும் தோன்றின. 1899இல் தென்னாபிரிக்காவில் போவர் யுத்தம் மூண்டது. மறு ஆண்டில் குதிரைப்படையிலிருந்து ஒரு தொண்டர் அணி அங்கே அனுப்பப்பட்டது. அதே 1900ஆம் ஆண்டிலேதான் மலைநாட்டுத் தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படையும் கண்டியில் உதித்தது. 1910இல் இத்தொண்டர் படைகள் யாவும் இலங்கைப் பாதுகாப்புப் படை என்னும் பொதுப் பெயரின்கீழ் வந்தன.

தலைமையிடமாகக் கொழும்பை விடுத்துக் கண்டியைத் தெரிந்துகொண்டது ஏன்? அதற்குக் காரணம் தோட்டத்தொழிலின் அமைப்பே. தோட்டத்துரைமார் சங்கம் 1854இல் கண்டியிலேயே நிறுவப்பட்டது. ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். அதே ஆண்டில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. 1885இல் பாதை நானுஓயா வரை சென்றது. கோப்பிப் பயிர் நோயால் அழிந்த பின்னர் தேயிலை மலைகளெங்கும் பரவியது. இவ்வாறு துரைமாருக்கு ஒரு சங்கமும், கூடும் ஒரு நகரமும், அந்நகரத்தை அடையப் பாதையும் முன்னரே அமைந்திருந்தன. படை திரட்ட முற்பட்டவர்கள் புதிதாக ஒரு கட்டுக்கோப்பைத் தேடவேண்டியிருக்கவில்லை. இருந்த கட்டுக்கோப்பின்மேல் இராணுவச் சட்டையை அணிவித்தாலே போதுமாயிருந்தது.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பட்டாளம் என்றால் நெருங்கி நிற்கும் கூட்டம். துரைமாரோ ஆளுக்கொரு மலையில் தனித்து வாழ்ந்தவர்கள். ஒரு பங்களாவுக்கும் அடுத்த பங்களாவுக்கும் இடையே பல மைல் தூரம் இருந்தது. ஆகவே தோட்ட மாவட்டங்களையே அடிப்படையாகக் கொண்டு பிரிவுகள் வகுக்கப்பட்டன. அந்தந்தப் பகுதியினர் தம் பகுதியிலேயே பயிற்சி பெற்றனர். குறித்த காலங்களில் எல்லாரும் ஒன்றுகூடிப் பாசறை வாழ்க்கை நடத்தினர். போவர் யுத்தக் கைதிகள் ஏறத்தாழ 5,000 பேரை அடைத்துவைப்பதற்காக அமைக்கப்பட்ட தியத்தலாவை முகாம், பின்னர் இத்தீவின் தொண்டர் படைகளுக்குப் பயிற்சி நிலமாகப் பயன்பட்டது.

தொண்டர் படையில் ஒழுங்கு எவ்வாறு நிலைபெறுகிறது என்பதையும் அறிந்துகொள்ளல் வேண்டும். அக்காலப் பிரித்தானியத் தொண்டர் முறையில் அதிகாரிகள் பெரும்பாலும் தொண்டர்களுக்குள்ளேயே சமூகத்தில் மதிப்பும் அனுபவமும் உள்ளவர்களாயிருந்தனர். ஆனால் பயிற்சியை மேற்பார்வை செய்ய நிலையான படையிலிருந்து ஓர் அதிகாரியும், அணிநடை, துப்பாக்கிப் பயிற்சி ஆகியவற்றைக் கற்பிக்கச் சார்ஜன்ட் தரத்தினரும் இரவல் பெறப்பட்டனர். ஆண்டுக்கு இத்தனை அணிநடைக்கு வந்திருத்தல் வேண்டும், இத்தனை குறிகளைச் சுட்டிருத்தல் வேண்டும் என்று ஓர் அளவும் விதிக்கப்பட்டது. அந்த அளவை எட்டியவனே தகுதிபெற்ற தொண்டனாகக் கணிக்கப்பட்டான். கசையடியாலும் சிறையாலும் அன்றி, சக மனிதரின் மதிப்பாலேயே அப்படையில் ஒழுங்கு பெரும்பாலும் காக்கப்பட்டது.

இப்படையில் சேரக்கூடியவர் யார்? ஐரோப்பியத் துரைமாரே. மலைகளில் தேயிலைக் கொழுந்து கிள்ளிய, பாதை வெட்டிய, சுமை தூக்கிய இலட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளருக்கும், அம்மலைகளைச் சூழ்ந்த கிராமங்களில் வாழ்ந்த கண்டிச் சிங்களவருக்கும், முஸ்லிம்களுக்கும் அதில் இடமில்லை. வேறு தொண்டர் படைகளில் இலங்கையர் பலர் இருந்தனர். தோட்டத்துரைமார் படை மட்டும் ஒரு தொழிலாரின் படையாகவும் ஓரினத்தாரின் படையாகவும் இருந்தது. அதன் பலமும் குறையும் இந்த ஒன்றிலிருந்தே பிறந்தன.

பலம் 1914இல் வெளிப்பட்டது. தொண்டர் படைகள் தீவின் காவலுக்கென்றே அமைந்தவை. கடல் கடந்து செல்ல மனமொப்பியவரைத் தனியே திரட்டவேண்டியிருந்தது. மலைகளுக்குச் செய்தி சென்ற சில வாரங்களுக்குள் 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் கொண்ட அணி தயாராயிற்று. மேஜர் ஹோல் பிரவுண் தலைமையில் அவ்வணி 1914 அக்டோபரில் ‘வூஸ்டர்ஷயர்’ என்னும் கப்பலில் கொழும்பை விட்டு எகிப்து நோக்கிச் சென்றது. மொத்தம் 237 பேர். மேலே கூறிய கணக்கின்படி இது ஒரு கொம்பனியே ஆகும். டிவிஷனில் எழுபத்தைந்தில் ஒரு பங்கும் இல்லை. அங்கே அது சூயஸ் கால்வாயின் காவலில் ஈடுபட்டது. பின்னர் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையோடு இணைக்கப்பட்டு, 1915இல் கலிப்பொலிக் கரையில் இறங்கியது. அந்தச் சேனையின் தளபதியான ஜெனரல் பேர்ட்வுட்டின் தலைமையிடத்தைக் காக்கும் பணியும் அதற்குக் கிடைத்தது.

ஆனால் அவ்வணி நெடுங்காலம் ஓரணியாக நிலைக்கவில்லை. புதிய டிவிஷன்களுக்கு ஆயிரக்கணக்கில் இளம் அதிகாரிகள் தேவைப்பட்டனர். துரைமார் கல்வி பெற்றவர்கள், ஆட்களை ஏவி வேலை வாங்கிப் பழகியவர்கள், துப்பாக்கியும் தெரிந்தவர்கள். ஆகவே அவர்கள் ஒவ்வொருவராக அதிகாரிப் பதவி பெற்று வெவ்வேறு பட்டாளங்களுக்குப் பிரிந்து சென்றனர். ஒரு தொழிலாரையே கொண்ட படை, போர்க்காலத்தில் அதிகாரிகளை விளைவிக்கும் நாற்றுமேடையாக மாறியது. கிச்சனரின் நகரத்துப் பட்டாளங்கள் ஒன்றாய்ச் சென்று ஒன்றாய் மடிந்தன. கண்டியின் தொண்டர்கள் ஒன்றாய்ச் சென்று பல களங்களில் தனித்தனியே மடிந்தனர்.

கண்டியைச் சார்ந்த வேறு சில இளைஞரும் அப்போருக்குச் சென்றனர். திரித்துவக் கல்லூரியின் அதிபர் பிரேசர் காலத்தில் அக்கல்லூரி மாணவர் சிலர் தாமாகவே முன்வந்தனர். அவர்களுள் ஒருவர் மாத்தளை அலுவிகாரையைச் சேர்ந்த ரிச்சர்ட் அலுவிகார. தம் ஊர் மலைகளில் இருந்த தொண்டர் படையில் அவருக்கு இடமில்லை. ஆகவே பிரித்தானியப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, மேற்குப் போர்முனையில் நின்று காயமுற்றார். அவரே 1947இல் இலங்கைப் பொலிஸ் படையின் முதலாவது இலங்கையர் தலைமை அதிபதியானார். தொண்டுள்ளம் ஓரினத்தாரின் தனியுரிமையன்று என்பதற்கு அவர் வாழ்க்கை ஓர் உதாரணம்.

குறை 1915இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மே மாத இறுதியில் வெசாக் நாளன்று கண்டியில் பௌத்தருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே மூண்ட கலவரம் விரைவில் பல மாகாணங்களுக்குப் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. பஞ்சாபிச் சிப்பாய்களோடு ஐரோப்பியத் தொண்டர்களும் கலகத்தை அடக்கும் பணியில் இறங்கினர். கலகம் ஓய்ந்த பின்னரும் விசாரணையின்றிச் சிலர் சுடப்பட்டனர் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. கொழும்பு நகரக் காவற்படையில் தாமே ஒரு தொண்டர் அதிகாரியாயிருந்த ஹென்றி பேதிரிஸ் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7இல் சுட்டுக் கொல்லப்பட்டார். சர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையில் இக்கொடுமைகளை எடுத்துரைத்தார். போர்க்காலக் கடலைக் கடந்து இங்கிலாந்து சென்று முறையிட்டார். 1916இல் நூல் ஒன்றும் வெளியிட்டார்.

அயல்நாட்டுப் பகைவனுக்கெதிரே ஒற்றுமையாய் நின்ற அதே பண்பு, உள்நாட்டு மக்களுக்கெதிரே நின்றபோது அச்சத்துக்குரியதாயிற்று. மக்களுள் ஒரு சாராரின் கையில் மட்டும் துப்பாக்கி இருக்கும்போது, அவர்கள் எத்துணை நல்லவராயினும், மற்றவர் அவர்களைக் காவலர் என்று நம்புவது அரிது.

இரண்டாம் உலகப் போர் 1939 செப்டம்பரில் தொடங்கியவுடன் இலங்கைப் பாதுகாப்புப் படை பணிக்கு அழைக்கப்பட்டது. துரைமார் படை மீண்டும் நாற்றுமேடையாயிற்று; பலர் இந்தியப் படையிலும் பிரித்தானியப் படையிலும் அதிகாரிகளாயினர். ஆனால் இம்முறை போர் தீவின் வாசலுக்கே வந்தது. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பும், 9இல் திருகோணமலையும் ஜப்பானிய விமானத் தாக்குதலுக்கு இலக்காயின. இத்தகைய போரைச் சில நூறு துரைமாரைக் கொண்டு நடத்தமுடியாது. ஆகவே இலங்கையரைப் பெருவாரியாகச் சேர்த்துக் காலாட் படையும் பீரங்கிப் படையும் விரிவாக்கப்பட்டன. ஆபிரிக்காவிலிருந்து 11ஆம் கிழக்காபிரிக்க டிவிஷன் வந்து, இத்தீவில் பயிற்சி பெற்றுப் பர்மாவுக்குச் சென்றது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியச் சேனையின் தலைமையிடத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றினார். கண்டியிலுள்ள போர்வீரர் மயானத்தில் பிரித்தானியர், ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் ஆகியோர் அடுத்தடுத்து உறங்குகின்றனர்.

சுதந்திரத்தின் பின்னர் 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டத்தின்கீழ் அவ்வாண்டு அக்டோபர் 10இல் இலங்கை இராணுவம் பிறந்தது. தொண்டர் முறை கைவிடப்படவில்லை. நிலையான படையோடு தொண்டர் படையும் அமைக்கப்பட்டது. துரைமாரின் படை மட்டும் அதே ஆண்டில் கலைக்கப்பட்டது. அந்தப் படைக்கு அடித்தளமாயிருந்த கூட்டம் மெல்லக் கலைந்து தாயகம் திரும்பியது. அவர்களின்கீழ் உழைத்த தமிழ்த் தொழிலாளர் மலைகளிலேயே தங்கினர். ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அக்குறை முற்றாக நீங்கப் பல பதின்மாண்டுகள் சென்றன.

தொண்டர் படை ஒன்றைத் திரட்டுவதற்கு முன்னரே இணைந்திருக்கும் சமுதாயமும், இரவல் பெற்ற பயிற்சியாளரும், விடாது வந்து பழகும் கட்டுப்பாடும் வேண்டும் என்பதைக் கண்டியின் இவ்வரலாறு காட்டுகிறது. தோட்டத்துரைமாரிடம் இம்மூன்றும் இருந்தன. ஆதலால் சில வாரங்களில் ஓர் அணியைக் கப்பலேற்ற முடிந்தது. நான்காவதாக ஒன்று வேண்டும்: காக்கப்படும் மக்கள் அனைவருக்கும் அப்படையின் வாயில் திறந்திருத்தல். அது இல்லாமையால் ஐம்பது ஆண்டு வாழ்ந்த அப்படை, தான் பெயர்பெற்ற மலைநாட்டின் மக்கள் மனத்தில் வேரூன்றாமலே மறைந்தது.