நானும் நாங்களும்: சுயமும் அடையாளமும் பற்றிய சமூக உளவியல் விளக்கம்

"நான் யார்?" என்னும் வினாவை ஒரு தாளின் தலைப்பில் எழுதி, அதன் கீழ் இருபது விடைகளை எழுதிப் பாருங்கள். 1954ஆம் ஆண்டில் கூன், மக்பார்ட்லன்ட் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களிடம் இதனையே செய்வித்தனர். கிடைத்த விடைகள் இரு வகைப்பட்டன. "மாணவி", "மகள்", "இன்ன சமயத்தவள்" என்பன ஒரு வகை. "கூச்ச சுபாவம் உடையவள்", "மகிழ்ச்சியானவள்" என்பன மற்றைய வகை. முதலாம் வகை விடைகளே பெரும்பாலும் தாளின் மேற்பகுதியில் இடம்பெற்றன. அதாவது, "நான்" எனத் தொடங்கும்போதே நாம் பிறரோடு சேர்ந்த ஓர் இடத்தைத்தான் முதலிற் குறிப்பிடுகிறோம். இதற்கான காரணத்தைச் சமூக உளவியல் எவ்வாறு விளக்குகிறது என்பதை நோக்குவோம்.

1. சுயம் என்றால் என்ன?

ஒருவர் தன்னைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணங்கள், நம்பிக்கைகள் ஆகியவற்றின் தொகுப்பு சுய எண்ணக்கரு எனப்படும். அதற்கு அவர் வழங்கும் பெறுமதி சுயமதிப்பு ஆகும். "நான் கணிதத்தில் மெதுவானவன்" என்பது சுய எண்ணக்கரு. "அதனால் நான் எதற்கும் உதவாதவன்" என்பது தாழ்ந்த சுயமதிப்பு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் அவசியம்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட தமது நூலில் சுயமதிப்பை ஒரு பின்னமாக எடுத்துக்காட்டினார்.

சுயமதிப்பு = அடைந்த வெற்றி ÷ கொண்ட எதிர்பார்ப்பு

எனவே, ஒரே பெறுபேற்றைப் பெற்ற இருவரில் ஒருவர் மகிழவும் மற்றவர் மனமுடையவும் கூடும். "பி" சித்தி ஒருவருக்கு வெற்றி. "ஏ" சித்தியை மட்டுமே எதிர்பார்த்தவருக்குத் தோல்வி. பெறுபேறு ஒன்றே, அதனை அளக்கும் கோல் வேறு.

2. பிறர் என்னும் கண்ணாடி

சார்ள்ஸ் கூலி என்ற சமூகவியலாளர் 1902இல் "கண்ணாடிச் சுயம்" என்னும் எண்ணக்கருவை முன்வைத்தார். இது மூன்று படிகளைக் கொண்டது.

(அ) பிறருக்கு நான் எவ்வாறு தோன்றுகிறேன் எனக் கற்பனை செய்தல்.
(ஆ) அத்தோற்றத்தை அவர் எவ்வாறு மதிப்பிடுகிறார் எனக் கற்பனை செய்தல்.
(இ) அதன் விளைவாகப் பெருமையோ வெட்கமோ கொள்ளுதல்.

ஆசிரியர் உங்கள் அப்பியாசக் கொப்பியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூடி வைக்கிறார். "என்னை மொக்கன் என்று நினைக்கிறார்" எனக் கருதி நீங்கள் குன்றிப்போகலாம். ஆனால் அவர் வேறு எதையோ யோசித்திருக்கக்கூடும். முதல் இரண்டு படிகளும் கற்பனை என்பதைக் கவனியுங்கள். நம்மை வருத்துவது பிறரின் தீர்ப்பு என்பதைவிட, அத்தீர்ப்பைப் பற்றிய எமது ஊகம் என்பதே பொருத்தமாகும்.

ஜோர்ஜ் ஹேர்பேர்ட் மீட் இக்கருத்தை மேலும் விரிவாக்கினார். அவரது விரிவுரைகள் அவர் மறைந்த பின்னர் 1934இல் நூலாயின. சிறு பிள்ளை "ரீச்சர்" விளையாடும்போது ஒரு நேரத்தில் ஒருவரது பாத்திரத்தையே ஏற்கிறது. வளர்ந்து குழு விளையாட்டில் இறங்கும்போது எல்லா வீரர்களது பாத்திரங்களையும் மனதில் வைத்திருக்க வேண்டும். மீட் இதற்குப் பேஸ்போல் விளையாட்டை உதாரணமாகக் கூறினார். எமது எல்லே விளையாட்டும் அவ்வாறானதே. இவ்வாறு சமூகம் முழுவதினதும் நோக்கு எமக்குள் குடிகொள்கிறது. இதனை அவர் "பொதுமைப்படுத்தப்பட்ட பிறர்" என அழைத்தார்.

3. "நான்" எவ்வாறு "நாங்கள்" ஆகிறது?

இப்பகுதியை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஹென்றி தஜ்பெல் 1919இல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்தபோது ஜேர்மனியரிடம் சிறைப்பட்டார். பிரெஞ்சுக் கைதியாகக் கருதப்பட்டதால் உயிர் பிழைத்தார். போலந்து யூதர் எனத் தெரிந்திருப்பின் பிழைத்திருக்க மாட்டார். வீடு திரும்பியபோது அவரது குடும்பத்தவருள் பெரும்பாலானோர் கொல்லப்பட்டிருந்தனர். ஒரு குழுப்பெயர் மனித உயிரைத் தீர்மானிப்பது எவ்வாறு என்பதே பின்னர் அவரது ஆய்வாயிற்று.

1970இல் வெளியான அவரது பரிசோதனைகள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பாடசாலைச் சிறுவர்களிடம் நடத்தப்பட்டன. திரையில் தோன்றும் பொட்டுகளின் எண்ணிக்கையை ஊகிக்கும்படி அவர்கள் கேட்கப்பட்டனர். பின்னர் "கூட்டி ஊகிப்போர்", "குறைத்து ஊகிப்போர்" என இரு குழுக்களாக்கப்பட்டனர். உண்மையில் இப்பிரிப்பு எழுமாறாகச் செய்யப்பட்டது. அடுத்து ஒவ்வொருவரும் தனித்திருந்து, வேறு இரு சிறுவர்களுக்குப் பணப்பெறுமதியுள்ள புள்ளிகளைப் பகிர்ந்தளித்தனர். பெறுபவரின் இலக்கமும் குழுவும் மட்டுமே தெரியும். பெயரும் முகமும் தெரியாது. தமக்கென எதையும் வழங்கவும் முடியாது.

அப்படியிருந்தும் பெரும்பாலானோர் தமது குழுவினருக்கே கூடுதலாக வழங்கினர். ஓர் அட்டவணையில் தன் குழுவினருக்கு 19, மற்றவருக்கு 25 என்ற தெரிவு ஒரு முனையிலும், 7, 1 என்ற தெரிவு மறுமுனையிலும் இருந்தன. தன் குழு அதிகம் பெற வேண்டுமாயின் 19ஐத் தெரிவு செய்யலாம். ஆயினும் சிறுவர்கள் வித்தியாசத்தைப் பேணும் பக்கம் சாய்ந்தனர். தம்மவர் அதிகம் பெறுவதைவிட, மற்றவரை விட அதிகம் பெறுவது முக்கியமாயிற்று.

தஜ்பெலும் ஜோன் ரேணரும் 1979இல் முன்வைத்த சமூக அடையாளக் கோட்பாடு இதனை மூன்று செயன்முறைகளால் விளக்குகிறது.

• வகைப்படுத்தல்: மனிதரைக் குழுக்களாகப் பிரித்துப் பார்த்தல்.
• இனங்காணல்: ஒரு குழுவைத் தன்னுடையதாக ஏற்றல்.
• ஒப்பீடு: தன் குழு உயர்ந்தது எனக் காட்டி, அதன் மூலம் தன் சுயமதிப்பையும் உயர்த்துதல்.

உங்கள் பாடசாலை இல்லங்களை எண்ணிப் பாருங்கள். அனுமதி பெற்றபோது யாரோ ஒரு பட்டியலின்படி உங்களை ஓர் இல்லத்தில் சேர்த்தனர். இன்று விளையாட்டுப் போட்டியில் அந்த நிறத்துக்காகத் தொண்டை கட்டும்வரை கத்துகிறீர்கள். போட்டி முடிந்ததும் எல்லோரும் ஒரே வகுப்பில் அமர்வதால் தீங்கில்லை. இனம், மொழி, சமயம், சாதி என்பவற்றில் இதே மனச்செயன்முறை இயங்கி, அதனுடன் அச்சமும் அநீதியும் சேரும்போது விளைவு பாரதூரமானது. குழுவை நேசிப்பது தவறன்று. மற்றைய குழுவைத் தாழ்த்தினால்தான் எமது குழு உயரும் என நம்புவதே தவறு.

4. கட்டிளமைப் பருவமும் அடையாளமும்

எரிக் எரிக்சன் மனித வாழ்வை எட்டு நிலைகளாக வகுத்தார். அவற்றுள் ஐந்தாவதான கட்டிளமைப் பருவத்தின் பணி அடையாளத்தைத் தேடுவதாகும். ஆகவே இவ்வயதில் "நான் யார்?" எனக் குழம்புவது நோயன்று; வளர்ச்சியின் ஒரு பகுதியாகும்.

மாணவர் விடும் தவறுகள்

• சுய எண்ணக்கருவையும் சுயமதிப்பையும் ஒன்றெனக் கருதி எழுதுதல்.
• தஜ்பெலின் குழுக்களிடையே முன்பகை இருந்ததாக எழுதுதல். பகை எதுவும் இருக்கவில்லை என்பதே பரிசோதனையின் முக்கியத்துவம்.

மாதிரி வினா

"பரீட்சையில் சித்தியடையாவிட்டால் நான் ஒன்றுமில்லை" எனக் கூறும் நண்பருக்கு, நீங்கள் கற்ற இரு எண்ணக்கருக்களைக் கொண்டு விடை கூறுக.

விடைக் குறிப்பு

(1) ஜேம்ஸின் பின்னத்தின்படி, இங்கு எதிர்பார்ப்பு முழுவதும் ஒரே விடயத்தில் குவிந்துள்ளது. மாணவர் என்பது அவரது அடையாளங்களுள் ஒன்று மட்டுமே. அவர் மகன், அண்ணன், தோழன், விளையாட்டு வீரன் எனவும் இருக்கிறார். இவற்றுள் எதனையும் பெறுபேற்றுப் பத்திரம் அழிப்பதில்லை.

(2) கண்ணாடிச் சுயத்தின்படி, "எல்லோரும் என்னை இகழ்வார்கள்" என்பது அவரது கற்பனை. உண்மையை அறிய, நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேச வேண்டும்.

இவ்விடையைப் பரீட்சைக்காக மட்டுமன்றி, அவ்வாறு கூறும் நண்பர் உங்கள் அருகில் இருக்கும் நாளுக்காகவும் நினைவிற் கொள்ளுங்கள்.