மலைக்கு வரும் விருந்தினரை வரவேற்பார் யார்?

பசறையிலிருந்து நமுனுகுல வழியாக எல்லவுக்குச் செல்லும் பாதையிற் பயணம் செய்தோர், ஒருபுறம் தேயிலைச் சரிவுகளையும் மறுபுறம் முகில் சூடிய மலைமுடிகளையும் கண்டு சிறிது நேரமேனும் தம்மை மறந்திருப்பர். ஒன்பது சிகரம் என்னும் பொருளுடைய சிங்களப் பெயரால் வழங்கும் இம்மலை ஏறக்குறைய 2,000 மீற்றர் உயரமுடையது. அதன் அடிவாரத்திலே, லயன் வீடுகளிற் பிறந்து வளர்ந்தோருக்கு மலை என்பது வெறுங் காட்சிப்பொருள் அன்று. காலையிற் கொழுந்துக்கூடையுடன் புறப்படும்போது முதலிற் கண்ணிற் படுவதும் அதுவே. மழை வருமா, வராதா என்றறிய நிமிர்ந்து பார்ப்பதும் அதனையே. பீலியில் வந்து விழும் குடிநீரைத் தருவதும் அம்மலையே.

அண்மைக் காலமாக இம்மலைநாட்டுக்குப் புதிய விருந்தினர் வருகின்றனர். விடுமுறை வந்ததும் இளைஞரும் யுவதியரும் முதுகுப் பையுடன் புகைவண்டியிலும் பேருந்திலும் வந்திறங்கி, மலையேறி, முகட்டிலே கூடாரம் அடித்து, ஓர் இரவைக் குளிரிற் கழித்துத் திரும்புகின்றனர். இது நல்லதொரு பழக்கமே. நாட்டை நடந்து காண்பவன் நாட்டை நேசிக்கக் கற்றுக்கொள்கிறான். ஆயினும் அவர்கள் இறங்கிச் சென்ற பின்னர் மலைமுகட்டில் எஞ்சுவன யாவை? கரிந்த கற்கள், பாதி வெந்த விறகு, பொலித்தீன் உறைகள், பிளாஸ்டிக் போத்தல்கள்! வந்தோர் எல்லோரும் தீயோர் அல்லர். வழி சொல்வார் இல்லை; விதி சொல்வார் இல்லை. விருந்தினர் வந்த வீட்டில் வீட்டுக்காரர் இல்லாத நிலை இது.

இந்த வெற்றிடத்தை நிரப்பும் வழி ஒன்று உலகில் ஏற்கெனவே உண்டு. அதனை நம் நாட்டு நிலைமைக்கு ஏற்ப எவ்வாறு கொள்ளலாம் என்பதையே இங்கு ஆராய விழைகின்றோம்.

கூடாரத் திடலின் வீட்டுக்காரர்

உலகின் முதலாவது தேசியப் பூங்காவெனப் போற்றப்படும் யெலோஸ்டோன், அமெரிக்காவிலே 1872ஆம் ஆண்டு அமைக்கப்பெற்றது. நாளடைவில் அந்நாட்டுப் பூங்காக்களின் தொகையும், அங்கே வந்து தங்கும் மக்களின் தொகையும் பெருகின. சம்பளம் பெறும் காவலரால் மட்டும் அத்தனை பேரையும் கவனித்தல் இயலாதாயிற்று. பொதுமக்கள் தொண்டர்களாகப் பூங்காக்களிற் பணிபுரிவதற்கு 1970ஆம் ஆண்டு அந்நாட்டில் ஒரு சட்டமே இயற்றப்பட்டது.

அத்தொண்டுகளுள் ஒன்றுதான் கூடாரத் திடலில் வரவேற்பாளராக இருப்பது. இப்பணியை ஏற்போருட் பலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் ஆவர். தம் சொந்த வண்டிவீட்டை ஓட்டிக்கொண்டு ஏதேனும் ஒரு மலைப் பூங்காவுக்குச் சென்று, கோடைகாலம் முழுவதும் திடலின் வாயிலிலேயே குடியிருப்பர். அவர்களுக்குத் தங்குமிடமும் நீரும் மின்சாரமும் வாடகையின்றிக் கிடைக்கும். பதிலாக, வாரத்திற் குறித்த சில மணி நேரம் பணி செய்வர். பல இடங்களில் அது 20 மணி முதல் 32 மணி வரை அமையும்.

அவர்கள் செய்யும் பணிதான் யாது? வருவோரை முகமலர்ந்து வரவேற்பர். வழி கேட்போருக்கு வழி சொல்வர். அடுப்புக் குழிகளிற் சாம்பலை அள்ளித் துப்புரவு செய்வர். கரடி திரியும் இடமாயின் உணவைப் பூட்டி வைக்கும் பெட்டியைக் காட்டிக் கொடுப்பர். இரவிலே பாட்டும் கூச்சலும் எல்லை கடந்தால் அன்பாகச் சொல்லி அடக்குவர். அதற்கும் அடங்காதோரை அதட்டுவதும் தண்டிப்பதும் அவர் வேலை அன்று. காவலருக்கு அறிவிப்பதோடு அவர் கடமை முடிகின்றது. அவர் கையில் உள்ள அதிகாரம் இன்சொல் ஒன்றே. ஒரு மனிதர் அங்கே குடியிருக்கிறார் என்ற எண்ணமே குப்பை போட நீளும் கையைப் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றது.

நமக்குப் புதியதன்று

மேல்நாட்டார் செய்தனர் என்பதற்காகவே ஒன்றை நாமும் செய்தல் வேண்டும் என்பது எமது கருத்தன்று. விருந்தோம்பலுக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். வழிநடைப் பயணிகளுக்காகச் சத்திரமும் மடமும் கட்டி, கோடையிலே தண்ணீர்ப் பந்தல் அமைத்தது தமிழர் மரபு. அம்பலம் கட்டி வழிப்போக்கரைக் காத்தது சிங்கள மக்களின் மரபு.

இன்றும் இவ்வறம் ஒரு தேசியப் பூங்காவின் நடுவிலேயே நிகழ்கின்றது. ஆண்டுதோறும் கதிர்காமத் திருவிழாவை ஒட்டி, வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடியார்கள் பாதயாத்திரையாக வருகின்றனர். உகந்தை முருகன் ஆலயத்தைத் தாண்டியதும் குமண, யால தேசியப் பூங்காக்களின் காட்டுவழி தொடங்குகின்றது. அதிகாரிகள் அவ்வழியைக் குறித்த சில நாள்களுக்கு மட்டுமே திறந்துவிடுவர். நான்கைந்து நாள் நடை, யானையும் கரடியும் சிறுத்தையும் வாழும் காடு, கடுங் கோடை. அந்த வழியிலே நீர்த்தாங்கிகளை வைத்து நிரப்புவோரும், அன்னதானம் செய்வோரும், கால் கொப்புளத்துக்கு மருந்திடுவோரும் பெரும்பாலும் தொண்டர்களே. நாவலடியிலும் வியாழையிலும் இரவு தங்கும் அடியாருக்கு அவர்களே வீட்டுக்காரர்.

சிவனொளிபாத மலையை நோக்குக. மார்கழியில் வரும் உந்துவப் பூரணை தொடங்கி வைகாசியின் வெசாக் பூரணை வரை இலட்சக்கணக்கானோர் அம்மலையில் ஏறுகின்றனர். மஸ்கெலியாப் பக்கத்தால் ஏறுவோர் புறப்படும் இடத்துக்கு நம்மவர் வழங்கும் பெயர் நல்லதண்ணி என்பதாகும். மலைக்குப் போகிறவனுக்கு முதலில் வேண்டுவது நல்ல தண்ணீர் என்பதை அறிந்தவர் இட்ட பெயர் போலும்!

ஓட்டன் சமவெளி தரும் பாடம்

மலைமேல் அமைந்த தேசியப் பூங்கா நம் நாட்டிலும் உண்டு. ஊவாவின் ஒகிய புகைவண்டி நிலையத்திலிருந்து மேலேறிச் செல்லத்தக்க ஓட்டன் சமவெளி 1969ஆம் ஆண்டு இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010ஆம் ஆண்டு, சிவனொளிபாத மலைக் காட்டுடனும் நக்கிள்ஸ் மலைத்தொடருடனும் சேர்த்து இதனை உலக மரபுரிமையாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. 2,100 மீற்றருக்கு மேல் உயர்ந்து கிடக்கும் இப்புல்வெளியிலும் முகிற்காட்டிலும் ஊறும் நீர் மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் செல்கின்றது.

அங்கே நுழைவோரின் பைகளைச் சோதித்து, பொலித்தீன் உறைகளை நீக்கி, உணவைக் காகிதப் பையில் இட்டுக் கொடுக்கும் வழக்கம் உண்டு. சிறிய காரியந்தான், ஆயினும் அதன் பயன் பெரிது. குப்பையை மலையில் ஏறி அள்ளுவதைவிட, வாயிலிலேயே தடுப்பது எளிதன்றோ? அதே வேளையில், பார்வையாளர் ஊட்டும் தீனிக்குப் பழகிய மரைகள் காட்டை விட்டு வண்டிகள் நிற்கும் இடத்தையே சுற்றித் திரிவதைக் கண்டவரும் பலர். இரக்கத்தால் ஊட்டும் ஒரு துண்டு ரொட்டியும் காட்டு விலங்குக்குத் தீங்காகும் என்பதைப் பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சட்டப் பலகை பேசாது, மனிதர்தாம் பேசுவர்.

நீர் போகும் வழி

நமுனுகுல மலை தேசியப் பூங்கா அன்று. தோட்டக் காணியும் காடும் புல்வெளியும் கலந்தது அது. ஆயினும் அதைக் காக்கவேண்டிய காரணம் மற்றெந்தப் பூங்காவுக்கும் குறைந்ததன்று. கதிர்காமத்திலே அடியார்கள் நீராடும் மாணிக்க கங்கை நமுனுகுல மலைப்பகுதியிலேதான் பிறக்கின்றது. அது கதிர்காமத்தைத் தொட்டு, யால வனத்தினூடாகச் சென்று கடலில் விழுகின்றது. மலையுச்சியில் ஊற்றருகே ஒருவன் செய்யும் அசுத்தம் முதலில் லயத்துப் பீலிக்கு வருகின்றது, பின்னர் வயலுக்கு, பின்னர் முருகன் வாசலுக்கு.

இதனினும் கொடியது நெருப்பு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஊவாவின் மானாப்புல் சருகாகக் காய்ந்து கிடக்கும். தேநீர் காய்ச்ச மூட்டிய அடுப்பை அணைக்காமற் போனால், ஒரு பொறி ஒரு மலைச்சரிவையே விழுங்கிவிடும். எரிந்த சரிவிலே அடுத்த பெருமழை விழும்போது மேல்மண் கரைந்தோடுகின்றது, ஊற்றும் வற்றுகின்றது. முதலில் தாகத்தால் வாடுவோர், கூடாரம் அடித்தவர் அல்லர். குடத்துடன் பீலியடியிற் காத்திருக்கும் தாய்மாரே.

ஒரு மாலைக் காட்சி

இப்படி எண்ணிப் பாருங்கள். சனிக்கிழமை மாலை நான்கு மணி. மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு சிறு கொட்டில். ஓய்வு பெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியரும் அவர் மனைவியும் அங்கே இருக்கின்றனர். கொழும்பிலிருந்து வந்த மாணவர் சிலர் மூச்சு வாங்க வந்து நிற்கின்றனர்.

“வாங்க தம்பி, வாங்க தங்கச்சி. மழைக்கு முன்ன வந்திட்டீங்க, நல்லதாப் போச்சு. இந்தப் புத்தகத்தில பேர எழுதுங்க. நாளைக்கு எத்தனை மணிக்கு இறங்குவீங்கன்னும் எழுதிருங்க.”

“இறங்குற நேரம் எதுக்குங்க ஐயா?”

“இருட்டுற வரைக்கும் நீங்க வரலைன்னா, தேடி வர்ற ஆளுக்குத் தெரியணுமில்ல, எப்ப இருந்து தேடுறதுன்னு?”

அடுப்புக்குரிய இடத்தை அந்த அம்மையார் காட்டுகின்றார். அணைக்கும் முறையையும் சொல்லிக் கொடுக்கின்றார்: நீரை ஊற்று, கிளறு, மீண்டும் ஊற்று, புறங்கையை அருகே கொண்டு சென்று பார், சூடு இருந்தால் நெருப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். மலங்கழிக்கும் குழி ஊற்றிலிருந்து குறைந்தது 60 மீற்றர் விலகியிருத்தல் வேண்டும். ஒரு சாண் ஆழம் தோண்டி மூடிவிடல் வேண்டும். கொண்டுசெல்லும் போத்தல்களின் தொகை புத்தகத்திற் குறிக்கப்படுகின்றது; திரும்பும்போது அத்தொகை சரிபார்க்கப்படும். பத்து நிமிட வேலைதான். ஆயினும் அந்த மாணவர்கள் இப்போது ஊர் தெரியாத அந்நியர் அல்லர். ஒருவர் வீட்டு விருந்தினர். விருந்தினன் வீட்டுக் கூரைக்குத் தீ வைப்பதில்லை.

தொண்டும் கூலியும்

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்லுதல் வேண்டும். அமெரிக்காவிலே ஓய்வூதியமும் சொந்த வண்டியும் உடையவர் ஒரு கோடைகாலத்தைத் தொண்டுக்குத் தரலாம். நாட்கூலியில் வாழும் தோட்டக் குடும்பத்துக்கு ஒருநாட் பேர் போவது பெரும் இழப்பு. மலையைப் பார்க்க வருவோரால் விடுதிகள் பிழைக்க, மலையைக் காக்கும் பொறுப்பு மட்டும் அடிவாரத்து ஏழையின் தலையிற் கூலியின்றி ஏறுமாயின், அது தொண்டு ஆகாது. பழைய சுமையின் புதிய பெயரே ஆகும்.

ஆகவே முறை வகுத்தே தொடங்கல் வேண்டும். நம் நாட்டு வனவிலங்குப் பூங்காக்களில், அயற்கிராமத்து இளைஞர்கள் தொண்டர் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றுப் பணிபுரியும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. அதனைப் போலவே மலையடிவாரத்து இளைஞருக்கும் முதலுதவியும் வழிகாட்டலும் கற்பித்து, வருவோர் செலுத்தும் சிறு கட்டணத்திலிருந்து உணவும் படியும் வழங்கலாம். முழுத் தொண்டாக நேரம் தர வல்லோர் ஓய்வு பெற்ற ஆசிரியரும் உத்தியோகத்தருமே. அவர்கள் முறைவைத்து வாரத்துக்கு ஓர் இணையாக நிற்கலாம். 1912 முதல் இந்நாட்டில் இயங்கிவரும் சாரணர் இயக்கத்து மாணவருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சிக்களம் வேறில்லை. தனியொருவராக எவரையும் நிறுத்தலாகாது. பெண்கள் பணிபுரியும் இடத்தில் இருவர் மூவராக இருத்தல் நலம். தோட்ட நிருவாகத்தினதும் காட்டுக்குப் பொறுப்பான திணைக்களத்தினதும் அனுமதி இன்றி எதுவும் தொடங்கலாகாது.

மாணவச் செல்வங்களே! அடுத்த விடுமுறையில் மலையேறப் போகின்றீர்களா? மகிழ்ச்சியுடன் போய் வாருங்கள். வரவேற்பாளர் ஒருவர் நிற்கும் காலம் வரும்வரை, உங்களுக்கு நீங்களே வீட்டுக்காரராக இருங்கள். போகுமுன் அடிவாரத்துத் தோட்டத்தில் ஒருவரிடமேனும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். திரும்பும்போது உங்கள் குப்பையோடு, முன் வந்தவன் விட்டுச் சென்ற ஒரு போத்தலையும் எடுத்து வாருங்கள். நீங்கள் துப்புரவாக விட்டு வந்த ஊற்றின் நீர் மறுநாட் காலை ஏதோ ஒரு லயத்துப் பீலியில் ஒரு குடத்தை நிறைக்கும். எஞ்சியது கதிர்காமம் நோக்கி நடக்கும்.